வெளியேறியவள் எங்கே போவாள்? சிறுகதைப் பெண்களும் நீலகிரி வீடுகளும்

தமிழ்ச் சிறுகதையில் திருமணத்தைப் பற்றி எழுதும் விமரிசனம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறது. அவள் மனம் என்ன நினைத்தது என்பது ஒன்று. கற்பு என்ற அளவுகோலைக் கதை ஏற்றதா, உடைத்ததா என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல கேள்விகள்தான். நூறு ஆண்டுகளாக நம் கதைகளே அவற்றை எழுப்பிவந்திருக்கின்றன. ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி கதைகளின் ஓரத்திலேயே கிடக்கிறது. அவள் படியிறங்கினால் அன்றிரவு எங்கே படுப்பாள்? அது யார் வீடு? மறுநாள் அடுப்பு எரிய யார் காசு?

நீலகிரியின் கீழ் கோத்தகிரிப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தக் கதைகளைப் படித்தால் மூன்றாவது கேள்வியிலிருந்து தப்ப முடியாது. அங்கே சில மைல் சுற்றளவுக்குள் மூன்று வகை வீடுகள் இருக்கின்றன. ஒன்று, மேட்டில் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும், ஹட்டி என்னும் படுகர் ஊரின் வீடு. இரண்டு, தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் லைன் வீடு. மூன்று, கிழக்குச் சரிவில் காட்டோரம் இருக்கும் இருளர், குறும்பர் குடியிருப்பு. மூன்று வீட்டுப் பெண்களும் உழைக்கிறவர்கள். கொழுந்து பறிக்கும் கைகளில் மூன்று வீட்டுக் கைகளும் உண்டு. மூன்று வீட்டிலும் திருமண வழக்கு வேறு வேறு. வீடு யாருடையது என்பதற்கான பதிலும் வேறு வேறு.

இந்த மூன்று வீடுகளையும் உரைகல்லாக வைத்துக்கொண்டு நம் செவ்வியல் சிறுகதைகள் சிலவற்றை மறுபடி படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. சொல்ல வருவது இதுதான். திருமணத்திலிருந்து வெளியேறும் உரிமை ஒன்று, வெளியேறிய பின் நிற்பதற்கு இடம் இன்னொன்று. சமவெளியின் சிறுகதை முதலாவதைப் பெரும் ஏக்கமாக எழுதியது. மலையில் அந்த முதலாவது பழைய வழக்கமாகவே இருந்தது, இரண்டாவதுதான் கிடைக்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால்தான் பெண்ணின் சுதந்திரம் என்று நாம் சொல்வதன் முழு அளவு தெரியவரும்.

இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு குளம்

வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் வெளிவந்தது. ஊர்க் குளத்தங்கரையில் நிற்கும் அரசமரமே கதை சொல்கிறது. சிறுவயதிலேயே நாகராஜனுக்கு மணமுடிக்கப்பட்ட ருக்மிணி, புகுந்த வீட்டுக்குப் போகும் பருவத்தை எட்டுகிறாள். அதற்குள் அவளுடைய தந்தை காமேசுவரையர் செல்வத்தை இழந்துவிடுகிறார். பணம் போட்டிருந்த ஆர்பத்நாட் கம்பெனி முறிந்துபோனதுதான் காரணம். 1906இல் சென்னையை உலுக்கிய நிஜமான முறிவு அது. மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்க்கிறார்கள். நாகராஜன் பெற்றோருக்கு இணங்குவதுபோல் நடித்துக் கடைசியில் ஏமாற்றலாம் என்று எண்ணுகிறான். அந்த நாடகம் ருக்மிணிக்குத் தெரியாது. அவள் குளத்தில் விழுந்து இறக்கிறாள்.

இந்தக் கதையை வரதட்சணைக்கும் பால்ய மணத்துக்கும் எதிரான கண்ணீர்க் கதையாகவே படித்துப் பழகியிருக்கிறோம். வீடுகளை மட்டும் எண்ணிக்கொண்டு படித்தால் இன்னொன்று தெரிகிறது. ருக்மிணிக்கு இரண்டு வீடுகள் உண்டு, பிறந்த வீடும் புகுந்த வீடும். ஒன்று வறுமையில் விழுந்துவிட்டது, மற்றொன்று கதவை மூடிவிட்டது. மூன்றாவது இடம் என்று ஒன்று அவள் உலகத்திலேயே கிடையாது. அவளுக்கு எதிராகத் தனிப்பட்ட எவர் பகையையும் ஐயர் பெரிதாக வரையவில்லை. ஒரு வங்கியின் முறிவும் ஒரு இளைஞனின் விளையாட்டும் போதுமாயிருக்கின்றன. அவ்வளவு மெல்லிய தரையில்தான் அவள் நின்றிருந்தாள்.

அன்றைய சட்டமும் அந்தத் தரைக்குக் கனம் சேர்க்கவில்லை. மனைவி உயிரோடிருக்கும்போதே இன்னொருத்தியை மணப்பது 1915இல் ஒரு இந்து ஆணுக்குக் குற்றமில்லை. பெண்ணின் மண வயதைப் பதினான்காக வைத்த சாரதா சட்டம் 1929இல்தான் நிறைவேறியது. இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்து மணமுறிவுக்கும் வழிவிட்ட சென்னை மாகாணச் சட்டம் 1949இல் வந்தது. ருக்மிணிக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவே முப்பத்துநான்கு ஆண்டுகள் கிடக்கின்றன.

ஐயரின் கதைக்கு ஓராண்டு முன்பு, 1914இல், தாகூர் வங்க மொழியில் ‘ஸ்திரீர் பத்ர’ என்ற கதையை எழுதினார். மிருணாள் என்ற குடும்பப் பெண் பதினைந்து ஆண்டு இல்வாழ்க்கைக்குப் பிறகு கணவனுக்கு எழுதும் ஒரே கடிதம்தான் முழுக் கதையும். தன்னிடம் அடைக்கலம் தேடிவந்த பிந்து என்ற பெண்ணைக் குடும்பமே சாவுக்குத் தள்ளியதைக் கண்டவள், இனி அந்த வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று எழுதுகிறாள். அவள் இறக்கவில்லை. வாழப்போவதாகவே சொல்கிறாள். அவள் இருக்கும் இடம் பூரி, கடலோரத் தீர்த்தத்தலம். யாத்திரை என்ற பெயரில்தான் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் தனியே வெளியே நிற்க முடியும் என்பது தாகூருக்குத் தெரிந்திருந்தது. பக்தி மட்டும்தான் அவளுக்கு முகவரி தருகிறது. ருக்மிணிக்குக் குளம், மிருணாளுக்குக் கடற்கரைக் கோயில். கணவன் வீட்டுக்கு வெளியே இன்னொரு வாழ்வைக் கற்பனை செய்ய அந்தத் தலைமுறைக்குச் சாவும் சாமியும்தான் கைகொடுத்தன.

மணிக்கொடிக் காலத்து இரவுகள்

மணிக்கொடி இதழைச் சூழ்ந்த அடுத்த தலைமுறை பெண்ணைக் கொல்வதையும் கோயிலுக்கு அனுப்புவதையும் விட்டுவிட்டு அவள் மனத்துக்குள் இறங்கியது. கு.ப. ராஜகோபாலன் (1902–1944) இதில் முதன்மையானவர். ‘ஆற்றாமை’யில் கணவன் ஊரில் இல்லாத சரஸ்வதி, பக்கத்து அறைத் தம்பதியின் மகிழ்ச்சியைப் பொறுக்காமல், வந்த விருந்தாளியை அந்தக் கதவைத் தட்டும்படி விட்டுவிடுகிறாள். சின்னஞ்சிறு செயல்தான். அதற்குள் மணமான பெண்ணின் தனிமை முழுவதும் வந்துவிடுகிறது. ‘சிறிது வெளிச்சம்’ கதையின் சாவித்திரி கணவனிடம் அடிபடுகிறவள். குடியிருக்கும் இளைஞனிடம் ஓரிரவு மனம்விட்டுப் பேசுகிறாள். கதை சொல்லப்படும்போது அவள் உயிரோடு இல்லை.

‘விடியுமா?’ இன்னும் நுட்பமானது. கணவன் அபாய நிலையில் இருப்பதாகத் தந்தி வருகிறது. குஞ்சம்மாள் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு இரவு ரயில் ஏறுகிறாள். போய்ச் சேரும்போது அவன் இறந்துவிட்டிருக்கிறான். வழியெல்லாம் அவள் சுமந்துவந்த பயம் விடியலில் ஒருவகை இளைப்பாறுதலாக மாறுவதைக் கு.ப.ரா. குரல் உயர்த்தாமல் காட்டுகிறார். அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோபின் 1894இல் எழுதிய ‘ஒரு மணிநேரத்தின் கதை’யை இதனருகே வைக்கலாம். ரயில் விபத்தில் கணவன் இறந்ததாகக் கேட்ட லூயிஸ் மல்லார்ட் தன் அறைக்குள் தனியே உட்கார்ந்து, இனி தன் வாழ்வு தனக்கே என்று உணர்கிறாள். ஒரு மணிநேரத்தில் கணவன் உயிரோடு வந்து நிற்கிறான். அதிர்ச்சியில் அவள் இறக்கிறாள்.

இரண்டு கதைகளிலும் ரயில் உண்டு, தந்தி உண்டு, கைம்மையை விடுதலையாக உணரும் ஒரு கணம் உண்டு. ஆனால் வேறுபாடு பெரிது. லூயிஸ் மல்லார்டுக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையாவது இருக்கிறது. குஞ்சம்மாளுக்கு அந்த உணர்வு வருவது ரயில் பெட்டியில், உடன்பிறந்தவன் எதிரே. அவள் இறங்கிப் போகப்போவது கைம்பெண்ணின் வாழ்க்கைக்கு. 1937ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக் கைம்பெண்ணுக்குக் கணவனின் சொத்தில் ஆயுள்வரை மட்டுமே செல்லும் வரையறுத்த உரிமையைத் தந்தது. விற்கவோ விருப்பப்படி எழுதிவைக்கவோ முடியாத அந்த உரிமை 1956இல்தான் முழு உரிமையாயிற்று. ஆகவே குஞ்சம்மாள் காணும் விடுதலை மனத்துக்குள் பிறந்து மனத்துக்குள்ளேயே குடியிருக்க வேண்டியது.

புதுமைப்பித்தன் (1906–1948) இதே விஷயத்தைக் காசின் பக்கமிருந்து பிடித்தார். ‘பொன்னகர’த்தின் அம்மாளு மில் கூலி. குதிரைவண்டி ஓட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால்கஞ்சி வேண்டும், கையில் காசில்லை. அவள் இருட்டுச் சந்துக்குள் போய்த் திரும்புகிறாள். கற்பைப் பற்றிய கேலியாகவே இக்கதையைப் பேசுகிறோம். அம்மாளு ஒரு சம்பாதிக்கும் மனைவி என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. தமிழ்ச் சிறுகதையின் தொடக்க காலத்தில் கூலி வாங்கும் மணமான பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தியவர்கள் குறைவு. அந்தக் கூலி அவளை விடுவிக்கவில்லை என்பதையும் சேர்த்தே புதுமைப்பித்தன் சொன்னார். ‘சாப விமோசன’த்தில் அகலிகைக்கும் போவதற்கு இடமில்லை. இராமன் சீதையைத் தீயில் இறங்கச் சொன்னதைக் கேட்டதும் அவள் மீண்டும் கல்லாகிறாள். தர்க்கம் தோற்ற இடத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரே வெளியேற்றம் அதுதான்.

மலையின் வழக்கு

இந்தத் தமிழ்க் கதைகளெல்லாம் தஞ்சை, திருநெல்வேலி, சென்னை என்ற முக்கோணத்துக்குள் நடந்தவை. அவற்றின் திருமணம் பெரும்பாலும் மேல்சாதித் திருமணம். அதே காலத்தில் அதே சென்னை மாகாணத்தின் மலை மாவட்டத்தில் நடைமுறை வேறாக இருந்தது.

எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. படுகர் பற்றிய பகுதியில் அவர் தொகுத்துத் தரும் செய்திகளைச் சமவெளிக் கதைகளோடு ஒப்பிட்டால் திகைப்பாக இருக்கும். குழந்தை மணம் இல்லை. பெண்ணின் சம்மதம் வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் இருந்து பார்த்துப் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். மணமுறிவும் கைம்பெண் மறுமணமும் இழுக்கில்லை. கருவுற்ற ஏழாம் மாதத்தில் கணவன் மனைவியின் கழுத்தில் நூல் கட்டும் சடங்கு நடந்த பிறகே மணம் முழுமை பெறுகிறது. நீலகிரியின் இன்னொரு குடியான தோடரிடமும் ஏழாம் மாதம்தான் முக்கியம். கணவன் வில்லும் அம்பும் தரும் சடங்கே பிறக்கப்போகும் குழந்தைக்குத் தந்தை யார் என்பதைத் தீர்மானித்தது என்று, 1901–02இல் அங்கே ஆய்வுசெய்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார்.

அந்தக் காலத்துப் பதிவாளர்கள் வெள்ளை அதிகாரிகளின் கண்ணாடி வழியே பார்த்தவர்கள் என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் படுகரிடையே ஐம்பதாண்டுக்கும் மேல் ஆய்வுசெய்த பால் ஹாக்கிங்ஸின் நூல்களும் மணமுறிவும் மறுமணமும் அச்சமூகத்தில் இயல்பானவை என்பதை உறுதிசெய்கின்றன. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் இப்படிப்பட்ட வழக்குகளை அழிக்கவில்லை. வழக்காற்றின்படி கிடைக்கும் மணமுறிவு செல்லும் என்று அதன் 29ஆம் பிரிவு ஒப்புக்கொள்கிறது. சமவெளிப் பெண்ணுக்குச் சட்டம் புதிதாகக் கொடுத்ததை மலைப் பெண் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலேயே பெற்றிருந்தாள்.

அப்படியானால் ருக்மிணி ஒரு ஹட்டியில் பிறந்திருந்தால் பிழைத்திருப்பாளா? குளத்தில் விழ வேண்டிய அவசியம் இருந்திருக்காது என்று துணிந்து சொல்லலாம். பிறந்த வீட்டுக்குத் திரும்பி, நிலத்தில் உழைத்து, வேறொருவனை மணந்திருப்பாள். இதைச் சிறிய விஷயமாக எண்ணக் கூடாது, உயிர் சம்பந்தப்பட்டது.

ஆனாலும் அவள் திரும்பிப்போகும் வீடு தகப்பன் வீடு, பிறகு அண்ணன் வீடு. மறுமணம் செய்தால் புதுக் கணவன் வீடு. படுகர் சமூகம் தந்தைவழிச் சமூகம். நிலமும் வீடும் ஆண்வழி இறங்குகின்றன. பிள்ளைகள் தகப்பன் குலத்துக்கு உரியவர்கள். விட்டுப்போகும் உரிமை அவளுக்கு உண்டு, விலையாகக் குழந்தையை விட்டுச்செல்ல நேரலாம். கோத்தகிரிக்கு அருகே பேரகணியில் ஆண்டுதோறும் மார்கழி–தை குளிரில் படுகர்கள் வெள்ளுடையில் திரண்டு வணங்கும் ஹெத்தை ஒரு மூதாட்டித் தெய்வம். ஒரு பாட்டியைக் குலத்தின் மூலமாகக் கொண்டாடும் சமூகத்தில் நிலத்தின் மூலம் பாட்டன் பெயரில் இருந்தது.

இந்த முரணை எழுத வந்தவர் மலையில் பிறந்தவரில்லை. முசிறியில் பிறந்து பதினைந்து வயதில் மணமான ராஜம் கிருஷ்ணன், மின்பொறியாளரான கணவரின் வேலை நிமித்தம் நீலகிரிக்கு வந்தார். படுகர் வாழ்வைக் கண்டு ‘குறிஞ்சித் தேன்’ நாவலை எழுதினார். அது 1963இல் நூலானது. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சியையே காலக்கணக்காக வைத்து, விதைப்பு நிலம் தேயிலையாகவும் மின்திட்டமாகவும் மாறுவதைச் சொல்கிறது நாவல். அதில் பாரு என்ற பெண்ணின் துயரம் கற்பைப் பற்றியதோ மறுமணத் தடையைப் பற்றியதோ கிடையாது. மண்ணோடு அவளுக்கிருக்கும் உறவே அவள் வாழ்க்கையாக இருக்கிறது. சமவெளிப் பெண்ணெழுத்து அடுக்களையில் கண்ட கேள்வியை மலைக்கு வந்த ராஜம் கிருஷ்ணன் நிலத்தில் கண்டார்.

கூலியும் கூரையும்

தேயிலைத் தோட்டம் இந்தக் கணக்கில் ஒரு புதிய எண்ணைச் சேர்த்தது. அங்கே பெண் தன் பெயரில் கூலி வாங்குகிறாள். தினமும் அவள் பறித்த கொழுந்து தராசில் ஏறுகிறது, பெயருக்கு எதிரே எடை எழுதப்படுகிறது. குடும்பத்துக்கு உழைத்துக் கொட்டும் பெண்ணின் வேலை அளந்து எழுதப்பட்ட இடங்கள் தமிழ் உலகில் அதற்கு முன் மிகக் குறைவு.

அந்த உலகத்தைச் சிறுகதைக்குள் கொண்டுவந்த முன்னோடிக் கதை புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’. மணிக்கொடியில் 1935இல் வந்தது. திருநெல்வேலிச் சீமைக் கிராமமொன்றில் கணவன் வெள்ளையன் சிறைக்குப் போனதும் மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகிறாள். ஊரில் நிலமுள்ளவர் கையில் பட்டது, தோட்டத்தில் துரை கையில் படுவதாக மாறுகிறது. கூலி கிடைக்கிறது, உடம்பு சிதைகிறது. தோட்டத்தில் அவள் தூங்கும் கூரையும் அவளை வதைக்கும் அதிகாரமும் ஒரே முதலாளியினுடையவை என்பதே கதையின் கொடிய உண்மை.

இலங்கை மலையகத்தின் என்.எஸ்.எம். இராமையா எழுதிய ‘ஒரு கூடைக் கொழுந்து’ இதற்கு அடுத்த தலைமுறைக் கதை. வழக்கத்தைவிட அதிகமாகக் கொழுந்து பறித்துவிட்ட இளம்பெண்மீது சந்தேகம் விழுகிறது. அந்த எடை தன் விரல்களிலிருந்தே வந்தது என்பதை அவள் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்ச் சிறுகதையில் பெண்ணின் நாணயம் அடிக்கடி விசாரணைக்கு வந்திருக்கிறது. விசாரிக்கப்படுவது பெரும்பாலும் அவள் உடம்புதான். இங்கே விசாரிக்கப்படுவது அவள் உழைப்பு. காதலும் திருமணமும் அந்த விசாரணையோடு பின்னிக் கிடக்கின்றன. அக்கினியில் இறங்கச் சொல்லப்பட்ட சீதைக்கும் தராசின் முன் நிற்கும் இந்தப் பெண்ணுக்கும் இடையே தமிழ்க் கதை நெடுந்தூரம் வந்திருக்கிறது.

இக்கதைகள் நீலகிரிக்கு அந்நியமானவை அல்ல. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. மேலும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாயிற்று. இப்படி இந்தியா திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழ்நாடு அரசு 1968இல் வனத்துறை மூலம் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1976இல் அது டான்டீ என்ற கழகமாயிற்று. கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களின் பெண்கள் மருதியின் பேத்திகள் என்று சொன்னால் மிகையில்லை. கண்டிச் சீமையில் கற்ற கைவேகத்தோடு வந்து நீலகிரிக் கொழுந்தைப் பறித்தவர்கள் அவர்கள்.

அவர்கள் நிலையைச் சட்டம் எப்படிப் பார்த்தது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் போதும். 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் முதலாளியின் கடமை என்றது. நல்ல சட்டம். ஆனால் தொழிலாளியின் ‘குடும்பம்’ யார் என்று அது வகுத்தபோது, ஆண் தொழிலாளியின் பெற்றோரைச் சேர்த்துக்கொண்டது, பெண் தொழிலாளியின் பெற்றோரை விட்டுவிட்டது. சம்பாதிப்பவள் அவளே ஆனாலும், மணமானவள் கணவன் வீட்டைச் சேர்ந்தவள் என்ற ஊகம் சட்டத்தின் வரிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அந்த வேறுபாடு 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது. லைன் வீடோ வேலையோடு வருவது, வேலையோடு போவது. கணவனை விட்டு வர அவளுக்குத் துணிவும் கூலியும் இருக்கலாம். வயதாகி வேலை நின்றால் கூரையும் கேள்விக்குள்ளாகும்.

காட்டோரச் சரிவு

மூன்றாவது வீட்டைப் பற்றிச் சிறுகதை உலகம் சொன்னது குறைவு. இருளர், குறும்பர் போன்ற பட்டியல் பழங்குடிகளுக்கு இந்துத் திருமணச் சட்டமும் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும், மத்திய அரசு தனியே அறிவித்தாலொழிய, பொருந்தாது. இதனால் அவர்களது மண வழக்கின் நெகிழ்ச்சி காப்பாற்றப்பட்டது. அதே விதியால் மகளுக்குச் சமபங்கு என்பது எழுத்தில் வராமல் போனது. இந்த நிலையை மறுபரிசீலனை செய்யும்படி உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் மத்திய அரசுக்குச் சொன்னது. 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், பழங்குடிப் பெண்ணுக்குப் பங்கை மறுப்பது சமத்துவ உரிமைக்கு முரண் என்று தீர்ப்பளித்தது.

இதற்கிடையே 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. மணமானவர்களுக்கு உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத் தரப்பட வேண்டும் என்றும், தனியாளாகக் குடும்பம் நடத்துபவர் என்றால் அவர் பெயரிலேயே என்றும் அதன் 4ஆம் பிரிவு கூறுகிறது. சமவெளிக் குடும்பங்களில் இன்றும் அரிதான ஏற்பாட்டைக் காட்டோரக் குடிசைக்குச் சட்டம் விதியாகவே வைத்தது.

சம்பளம் வந்த பிறகு

1960களில் சமவெளிக் கதையில் வேலைக்குப் போகும் பெண் வருகிறாள். ஜெயகாந்தனின் ‘யுக சந்தி’யில் இளம் கைம்பெண்ணான கீதா நெய்வேலியில் ஆசிரியை. தானே முடிவெடுத்து மறுமணம் செய்துகொள்ளப் போவதாக எழுதுகிறாள். தந்தை அவளைத் தலைமுழுகுகிறார். தலை மழித்து வாழ்ந்த கௌரிப் பாட்டி மகன் வீட்டை விட்டுப் பேத்தியிடம் போகிறாள். கைம்மையின் இரண்டு யுகங்கள் சந்திக்கும் கதை என்று இது புகழப்படுகிறது. பாட்டி போய் இறங்க நெய்வேலியில் ஒரு வீடு இருக்கிறது என்பது அந்தப் புகழில் அடிபட்டுப்போகிறது. பேத்தியின் சம்பளத்தில் நடக்கும் வீடு அது. சுரங்க நகரமாக 1950களில் எழுந்த ஊர். அக்ரகாரத்தின் கண்கள் இல்லாத புதுத் தெருக்கள். கீதாவின் துணிவு முழுவதும் அவளுடையதுதான். அந்தத் துணிவு நிற்க ஒரு தளம் இருந்தது. ருக்மிணிக்குக் கிடைக்காத மூன்றாவது இடத்தைத் தமிழ்ச் சிறுகதை இங்கே கட்டிக்கொடுத்தது.

1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ இதைவிடப் பெரும் புயலைக் கிளப்பியது. மழையில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் முடித்துவிடுகிறாள். தமிழ்நாடே கற்பைப் பற்றி விவாதித்தது. தாய் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்ற மறுபக்கத்தை எழுத ஜெயகாந்தனுக்கு ஒரு நாவலே வேண்டியிருந்தது. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ கங்கா படித்து, வேலை பார்த்து, சொந்தக் காலில் நிற்கிறாள். ஆயினும் வீட்டுக்குள் அவள் உறவினரின் கண்காணிப்பில் இருக்கிறாள். சம்பளம் சேர்ந்தது, சுயம் சேரவில்லை.

சூடாமணியின் ‘நான்காம் ஆசிரமம்’ 1970களின் தொடக்கத்தில் இதை மேலும் முன்னெடுத்துச் சென்றது. மூன்று மணங்களைக் கடந்து வந்த சங்கரி இப்போது கேட்பது வேறொரு துணையை அல்ல, தனிமையை. ஆணுக்குத் துறவு என்ற பெயரில் மரபு தந்திருக்கும் வாசலைத் தனக்கும் திறக்கச் சொல்கிறாள். அது மறுக்கப்படுகிறது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யோ வீட்டின் வரைபடத்தையே கதையாக்கியது. பெரிய வீட்டின் கடைக்கோடியில் இருண்ட சமையலறை. அங்கே ஆட்சி செலுத்துவதையே அதிகாரம் என்று நம்பவைக்கப்பட்ட மாமியார் ஜீஜீயிடம் மீனாட்சி பேசும் பேச்சு, வீட்டை விட்டு வெளியேறுவதைப் பற்றியதில்லை. வீட்டுக்குள் தனக்கு எவ்வளவு இடம் என்பதைப் பற்றியது. மேரி வில்கின்ஸ் ஃப்ரீமன் 1890இல் எழுதிய ‘தாயின் கலகம்’ கதையில் சாரா பென் நாற்பதாண்டு கேட்டும் கிடைக்காத வீட்டுக்குப் பதிலாக, கணவன் வெளியூர் போன சமயம் மாடுகளுக்குக் கட்டிய புதுக் கொட்டகையில் குடும்பத்தோடு குடியேறிவிடுகிறாள். அம்பைக்கும் ஃப்ரீமனுக்கும் நூறு ஆண்டு இடைவெளி. இருவருமே சுதந்திரத்தைச் சதுர அடியில் அளக்கத் தெரிந்தவர்கள்.

இந்த அளவையை வெளிப்படையாக முன்வைத்தவர் சீன எழுத்தாளர் லூ சுன். இப்சனின் ‘பொம்மை வீடு’ (1879) நாடகத்தில் நோரா கதவைச் சாத்திவிட்டு வெளியேறுவது உலகெங்கும் கைதட்டல் பெற்றது. 1923 டிசம்பரில் பெய்ஜிங் மகளிர் கல்லூரியில் பேசிய லூ சுன், வெளியேறிய நோராவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டார். கையில் காசில்லாவிட்டால் அவள் சீரழிய வேண்டும் அல்லது திரும்ப வேண்டும் என்பது அவர் வாதம். கைதட்டிய மாணவிகளுக்குக் கசப்பாக இருந்திருக்கும். நீலகிரியின் அனுபவத்தை வைத்து லூ சுன்னுக்கு ஒரு திருத்தம் சேர்க்கலாம். காசு மட்டும் போதாது. தோட்டப் பெண்ணிடம் காசு இருந்தது, கூரை இல்லை. ஹட்டிப் பெண்ணிடம் வெளியேறும் உரிமை இருந்தது, நிலம் இல்லை. உரிமை, காசு, இடம் மூன்றும் ஒரே கையில் சேராதவரை ஒன்று மற்றொன்றை அரித்துவிடுகிறது.

கதையிடம் பட்டா கேட்கலாமா?

இப்படிப் படிப்பது நியாயமா என்று ஒரு நல்ல வாசகர் கேட்கலாம். சிறுகதை ஒரு கணத்தின் கலை. கு.ப.ரா.வின் குஞ்சம்மாளிடம் போய்ச் சொத்துப் பத்திரம் கேட்பது கவிதையிடம் கணக்கு கேட்பதாகாதா? உள்ளத்தின் விடுதலை இல்லாமல் வெளி விடுதலையால் என்ன பயன்?

இந்த எதிர்வாதத்தில் பாதி உண்மை. மனத்துக்குள் ஒரு பெண் தனி ஆளாக ஆவதை எழுதிக்காட்டியது சிறுகதைதான். அந்த வேலையைச் சட்டமும் செய்யவில்லை, மலை வழக்கமும் செய்யவில்லை. தர்ஸ்டனின் தொகுதியில் படுகப் பெண் கணவனை விட்டுத் திரும்பலாம் என்ற செய்தி இருக்கிறது. திரும்பும்போது அவள் நெஞ்சில் என்ன இருந்தது என்பதற்கு அங்கே ஒரு வரி இல்லை. வழக்காறு அவளுக்கு வாசலைத் தந்தது, குரலைத் தரவில்லை. குஞ்சம்மாளுக்குக் குரல் கிடைத்தது, வாசல் கிடைக்கவில்லை. இரண்டில் எது பெரியது என்பது வீண் பேச்சு.

மறுபாதி வேறு. இந்தக் கதைகளின் அழகு, பெண்ணின் இடமின்மையை விதியின் அழகாக நமக்குப் பழக்கிவிட்டது. குளம், கல், விடியல் என்று கதை முடியும்போது நெகிழ்ந்துபோய் எழுந்துவிடுகிறோம். இவள் ஏன் வேறெங்கும் போக முடியவில்லை என்று கேட்பதில்லை. விடை பெரும்பாலும் கதை எழுதப்பட்ட ஆண்டின் சட்டத்திலும் குடும்பச் சொத்திலும் இருக்கிறது. தமிழ்நாடு 1989இல் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தபோதுகூட, அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களை விலக்கிவைத்தது. திருமணம் என்ற ஒரே காரணத்தால் ஒருத்தி பங்கை இழக்க, அவளுடைய மணமாகாத தங்கை பங்கு பெற்றாள். 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம்தான் அந்தக் கோட்டை அழித்தது. இதை அறிந்துகொண்டு ‘குளத்தங்கரை அரசமர’த்தைப் படித்தால் கண்ணீர் குறையாது. கோபத்துக்குச் சரியான முகவரி கிடைக்கும்.

இந்த வாசிப்பு நம் பாடத்திட்டங்களிலும் தொகைநூல்களிலும் கதைகளின் வரிசையை மாற்றிவைக்கும். பெண்ணின் விடுதலை என்ற தலைப்பில் ‘அக்கினிப் பிரவேசமும்’ ‘சாப விமோசனமும்’ முன்வரிசையில் உட்காருகின்றன. ‘துன்பக் கேணி’ தொழிலாளர் துயரம் என்ற பெட்டிக்குள்ளும், ‘ஒரு கூடைக் கொழுந்து’ மலையக இலக்கியம் என்ற பெட்டிக்குள்ளும் ஒதுங்கிக் கிடக்கின்றன. ‘குறிஞ்சித் தேன்’ வட்டார நாவலாகிவிடுகிறது. கற்பை விவாதிக்கும் கதை பெண்ணைப் பற்றிய கதை என்றும், கூலியையும் கூரையையும் விவாதிக்கும் கதை வேறெதையோ பற்றிய கதை என்றும் பிரித்துவைத்தது விமரிசனத்தின் பிழை, அந்த எழுத்தாளர்களின் பிழை அல்ல. மருதியையும் கீதாவையும் அகலிகையையும் ஒரே வகுப்பில், ஒரே வாரத்தில் படிக்கக் கொடுத்தால் மாணவர்கள் மூன்றாவது கேள்வியைத் தாங்களாகவே கேட்பார்கள். கீழ் கோத்தகிரியிலிருந்து கல்லூரிக்கு வரும் பெண்கள் அந்த வகுப்பில் இருந்தால், அதற்கான விடையைப் பேராசிரியரைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.